மூத்தவன் உள்ளே சென்றானா?



ஒவ்வோராண்டும் தவக்காலத்தின் இரண்டாம் வாரச் சனிக்கிழமைத் திருப்பலியில் வாசிக்கப்படும் நற்செய்தி நம்மில் எவருக்கும் புதியதன்று. லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் உள்ள ஊதாரி மைந்தனின் உவமையே அது. மறைக்கல்வி வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகளுள் இக்கதையைச் சொல்லத் தெரியாத பிள்ளை இல்லை எனலாம். அப்பிள்ளைகளிடம் இன்றிரவு ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வீட்டு வாசலுக்கு வெளியே சினத்தோடு நின்ற மூத்த மகனைத் தந்தை வந்து மன்றாடி அழைத்தாரே, அதன்பின் அவன் உள்ளே சென்றானா? சென்றான் என்று சில பிள்ளைகள் உறுதியாகச் சொல்வார்கள். தம்பியைக் கட்டித் தழுவி அழுதான் என்றுகூடச் சேர்த்துக்கொள்வார்கள். இல்லை, கோபத்தோடு வயலுக்கே திரும்பிப் போய்விட்டான் என்பார்கள் வேறு சிலர். பெரியவர்களிடம் கேட்டாலும் பதில் இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கும்.

நற்செய்தி நூலைத் திறந்து பாருங்கள். இரண்டுக்குமே அங்கு ஆதாரம் இல்லை. இளையவன் மீண்டு வந்த இந்நாளில் மகிழ்வதே முறை என்று தந்தை மூத்தவனுக்கு எடுத்துரைக்கிறார். அத்தோடு உவமை நின்றுவிடுகிறது. மகன் வாய் திறந்தானா, தலை குனிந்தானா, திரும்பி நடந்தானா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் ஆண்டவர் தம் சீடர்களுக்கு வேறொரு கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். உலகிலே மிக அதிகமாகச் சொல்லப்பட்ட கதைகளுள் ஒன்றுக்கு முடிவே இல்லை. அதை நாம் கவனியாதிருப்பதற்குக் காரணம் எளியது. முடிவை நாமே எழுதி ஒட்டிவிட்டோம்.

இயேசு முடிவைச் சொல்ல மறந்தார் என்று கொள்வதற்கில்லை. அதே அதிகாரத்தின் தொடக்கத்தைப் பார்த்தால் இது விளங்கும். அவர் பாவிகளை வரவேற்று அவர்களோடு உணவருந்துகிறார் என்று பரிசேயரும் மறைநூல் அறிஞரும் முணுமுணுக்கிறார்கள். அவர்களுக்கு மறுமொழியாக மூன்று உவமைகளைக் கூறுகிறார். முதலாவது, காணாமற்போன ஆட்டின் கதை. அதன் இறுதியில், மனம் மாறும் ஒருவரைக் குறித்து விண்ணகத்தில் உண்டாகும் மகிழ்ச்சியைப் பற்றி அவரே விளக்கம் தருகிறார். இரண்டாவது, காணாமற்போன நாணயத்தின் கதை. அதன் இறுதியிலும் அவ்விளக்கம் உண்டு. மூன்றாவது கதைதான் மூன்றிலும் நீண்டது, நெஞ்சை அதிகம் தொடுவது. அதற்கு மட்டும் விளக்கம் இல்லை. இரண்டு தடவை கதையின் பொருளைத் தாமே எடுத்துச் சொன்ன ஆசிரியர் மூன்றாந்தடவை மௌனமாகிறார். இம்மௌனம் வேண்டுமென்றே காக்கப்பட்டது என்றே நான் எண்ணுகிறேன்.

ஆடும் நாணயமும் எதையும் தீர்மானிப்பதில்லை. தேடியவர் கண்டெடுத்தவுடன் அக்கதைகள் முடிந்துவிடும். மூத்த மகனின் நிலை அவ்வாறன்று. உள்ளே வருவதா இல்லையா என்பதை அவனே தீர்மானிக்க வேண்டும். அவனுக்காகத் தந்தையாலும் அதைத் தீர்மானிக்க இயலாது. மேலும், அந்த மூத்த மகன் யார்? முணுமுணுத்துக்கொண்டு எதிரே நிற்கும் பரிசேயரே அவன். உள்ளே விருந்து நடக்கிறது, அவர்கள் வாசலில் நிற்கிறார்கள். அவன் உள்ளே சென்றான் என்று இயேசு முடித்திருந்தால், அவர்கள் அதைக் கேட்டு ஆறுதலடைந்து வீடு சென்றிருப்பார்கள். தாங்கள் ஒரு அடியும் எடுத்து வைக்கவேண்டிய தேவை இருந்திராது. செல்லவில்லை என்று முடித்திருந்தால் அது தீர்ப்பாகியிருக்கும்; கதவு அவர்கள் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டிருக்கும். சொல்லாமல் விட்டதனால் கதவு திறந்தே கிடக்கிறது.

இந்த உவமையில் சொல்லப்படாதவை இன்னும் உண்டு. தந்தை இளைய மகனைத் தொலைவிலேயே காண்கிறார், மனமிரங்கி ஓடுகிறார், கட்டித் தழுவி முத்தமிடுகிறார். பின்னர் பேசுகிறார். யாரிடம் பேசுகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? பணியாளரிடம். ஆடை கொண்டுவரச் சொல்வதும், மோதிரமும் மிதியடியும் அணிவிக்கச் சொல்வதும், கன்றை அடிக்கச் சொல்வதும் எல்லாம் பணியாளரிடம். மீண்டு வந்த மகனை நோக்கித் தந்தை சொன்னதாக ஒரு வார்த்தையும் உவமையில் இல்லை. மன்னித்தேன் என்ற சொல்லை எதிர்பார்த்து வாசிப்பவர் ஏமாந்து போவார். மன்னிப்பைப் பற்றிய மிகப் பெரிய கதை என்று நாம் கொண்டாடும் இக்கதையில் மன்னிப்பு என்ற சொல் எவர் வாயிலிருந்தும் வரவில்லை. ஓடிவந்த கால்களும் தழுவிய கைகளும் அதைச் சொல்லிவிட்டன. வாயால் சொல்லியிருந்தால் அது சற்றுக் குறைந்தே போயிருக்கும்.

மகனின் பக்கத்திலும் அவ்வாறே. பன்றிகளின் நடுவே இருந்தபோது அவன் தந்தையிடம் சொல்ல வேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்க்கிறான். தான் செய்த பாவத்தை அறிக்கையிடுவது, மகன் எனப்படத் தகுதியில்லை என்பது, கூலியாள் ஒருவனாகத் தன்னை வைத்துக்கொள்ளுமாறு கேட்பது ஆகிய மூன்றும் அதில் இருந்தன. வீட்டுக்கு வந்தபோது முதலிரண்டையும் சொல்கிறான். மூன்றாவதைச் சொல்லவில்லை. தந்தை இடைமறித்தாரா? தழுவலில் குரல் அடைத்ததா? தந்தையின் தோளில் சாய்ந்தபின் அப்படிக் கேட்பது அவருக்கே இழுக்கு என்று உணர்ந்தானா? லூக்கா ஒன்றும் கூறவில்லை. சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த மூன்றாவது வாக்கியமும் சேர்க்கப்பட்டுள்ளது. ஒத்திகையில் இருந்தது அரங்கில் இல்லையே என்று தடுமாறிய யாரோ ஒரு படியெடுப்பாளர் அதை நிரப்பியிருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. வெற்றிடத்தைக் கண்டால் நிரப்பிவிடத் துடிப்பது நமது காலத்து நோய் மட்டுமன்று.

கதைக்குள்ளேயும் அவ்வாறு நிரப்புகிறவன் ஒருவன் இருக்கிறான். இளையவன் தொலைநாட்டில் தாறுமாறாக வாழ்ந்து சொத்தை அழித்தான் என்பதற்கு மேல் கதைசொல்லி எதையும் கூறவில்லை. எப்படி அழித்தான்? சூதாட்டமா, குடியா, தீய நட்பா? அவ்விடம் வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. பிற்பாடு மூத்தவன் வாயைத் திறக்கும்போது, விலைமாதரோடு சேர்ந்து அழித்தான் என்று குற்றஞ்சாட்டுகிறான். அதை அவனுக்கு யார் சொன்னது? அவன் தம்பியை இன்னும் பார்க்கவேயில்லை. பணியாளன் சொன்னதோ, தம்பி நலமாகத் திரும்பினான், கன்று அடிக்கப்பட்டது என்பவை மட்டுமே. ஆக, அந்த விவரம் மூத்தவனின் சொந்த உள்ளத்திலிருந்து வந்தது. சொல்லப்படாத இடத்தை அவன் தன்னிடம் இருந்ததைக்கொண்டு நிரப்பினான். இருபது நூற்றாண்டுகளாக மறையுரையாளர்களும் ஓவியர்களும் நாடக ஆசிரியர்களும் அவன் வார்த்தையையே சான்றாக எடுத்துக்கொண்டு இளையவனின் வாழ்வைச் சித்திரித்து வந்திருக்கிறார்கள். இதை எண்ணும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

ஒல்லாந்து தேசத்து ஓவியர் றெம்பிரான்ட் இந்த உவமையைத் தம் வாழ்வின் இரு வேறு காலங்களில் வரைந்தார். 1606இல் பிறந்த அவர், 1636இல், முப்பது வயதில், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட சித்திரம் ஒன்று உண்டு. அதில் எல்லாமே நடக்கிறது. எலும்பும் தோலுமான மகன் முழந்தாளிட்டிருக்கிறான். துயரத்தில் கோணிய அவன் முகம் நமக்குத் தெரிகிறது. தந்தை குனிந்து அவனை அணைக்கிறார். பணியாளர் ஆடையும் மிதியடியும் எடுத்து வருகிறார்கள். ஒரு பெண் சாளரக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள். திறமையான படைப்பு. பார்த்தவுடன் விளங்கிவிடும். விளங்கியபின் மறுபடி பார்க்கத் தோன்றாது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1669இல் தாம் இறப்பதற்குச் சற்று முந்திய காலத்தில், அதே காட்சியைப் பெரிய திரையில் வண்ணத்தில் தீட்டினார். ரஷ்யாவின் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரிலுள்ள ஹேர்மிற்றேஜ் அரும்பொருளகத்தில் இன்று அது உள்ளது. நமது வீடுகள் சிலவற்றிலும் தியான இல்லங்களிலும் அதன் அச்சுப் பிரதியை நீங்கள் கண்டிருக்கலாம். இடைப்பட்ட காலத்தில் றெம்பிரான்ட் 1642இல் மனைவியை இழந்தார். 1656இல் கடன் தீர்க்க வழியின்றி உடைமைகளை இழந்தார். 1668இல் மகன் தீத்துசை இழந்தார். இப்புதிய ஓவியத்தில் அவர் எவற்றையெல்லாம் அகற்றிவிட்டார் என்று பாருங்கள். ஆடையும் மிதியடியும் ஏந்தி விரையும் பணியாளர் இல்லை. சாளரத்தைத் திறக்கும் அவசரம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மகனின் முகம் இல்லை. மழித்த தலையின் பின்புறமும், கந்தலான முதுகும், தேய்ந்த செருப்பிலிருந்து வெளியே வந்த ஒரு பாதமும்தான் நமக்குக் காட்டப்படுகின்றன. முகம் தந்தையின் மார்புக்குள் புதைந்துவிட்டது. அவன் அழுகிறானா, கண்களை மூடியிருக்கிறானா, எதையும் உணரமுடியாதபடி களைத்துவிட்டானா? முதற் சித்திரம் நமக்குக் கொடுத்த விடையை இது திரும்ப எடுத்துக்கொண்டது. அவரவர் வந்து தங்கள் முகத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

ஓவியத்தின் வலப்புறத்தில் உயரமான ஒருவர் சிவந்த மேலங்கியோடு, தடியின்மீது கைகளைக் கோத்தபடி நிற்கிறார். அவரே மூத்த மகன் என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. நற்செய்தியின்படி தம்பி வந்து சேர்ந்தபோது அவன் வயலில் இருந்தான். ஓவியரோ அவனைத் தழுவலின் அருகிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஒளி அவன் முகத்தில் விழுகிறது. அந்த முகத்தில் கோபமா, ஏக்கமா, தளர்வா என்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் சொல்ல முடியாது. கோத்த கைகள் இன்னும் பிரியவில்லை. அவனுக்கும் தந்தைக்கும் இடையில் இருண்ட ஒரு வெளி கிடக்கிறது. லூக்கா சொல்லாமல் விட்டதை றெம்பிரான்ட்டும் வரையாமல் விட்டிருக்கிறார். ஹென்றி நூவன் என்ற ஒல்லாந்துக் குருவானவர் 1986இல் அந்த ஓவியத்தின் முன் மணிக்கணக்காக அமர்ந்திருந்து, பின்னர் 1992இல் அதுபற்றி ஒரு நூலே எழுதினார். தம்மை இளைய மகனாகவே கண்டுவந்த அவர், தாம் மூத்தவனும் ஆவார் என்பதை ஒரு நண்பர் சுட்டிக்காட்டிய பின்னரே உணர்ந்துகொண்டதாக அதில் கூறுகிறார். எல்லாம் விளக்கப்பட்ட 1636ஆம் ஆண்டுச் சித்திரத்தின் முன் எவரும் அவ்வளவு நேரம் அமரமாட்டார்.

இக்கலை நமக்கு அந்நியமானதன்று. அகப்பாடல்களில் தலைவன் தலைவியின் பெயரைக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் சொல்லப்படாததனாலேயே அக்காதல் எல்லோருக்கும் உரியதாயிற்று. உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் நம் முன்னோர் இலக்கணம் செய்தது, சொல்லின் புறத்தே நிற்கும் பொருளுக்கே. தலைவியின் துயரைச் சொல்லவேண்டிய இடத்தில் புலவர் கடற்கரையையும் அங்கே தனித்திருக்கும் பறவையையும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். ஊர்காவற்றுறையின் கரம்பொன்னில் 1913இல் பிறந்து குருத்துவப் பணியேற்ற தனிநாயகம் அடிகளார், சங்கப் பாடல்களில் நிலமும் பொழுதும் மனித மனத்தின் மொழியாக நிற்பதை ஆங்கில நூல்களின் வழியே உலகுக்கு எடுத்துக் காட்டினார். மறையுரை ஆற்றுவோர் இலக்கியம் கற்பது வீண் என்று எண்ணுவோருக்கு அவர் வாழ்வே மறுப்பு.

ஆயினும், நமது கத்தோலிக்கப் பக்தி மரபு பெரும்பாலும் நிரப்புகிற மரபு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் நம் கிராமங்களில் இராகத்தோடு வாசிக்கக் கேட்டவர்கள் அறிவார்கள். நற்செய்தி ஒரு வரியில் கடந்து செல்லும் வேதனைகள் அங்கே விரித்துரைக்கப்படும். தேவதாயின் புலம்பல் நீண்டு ஒலிக்கும். அதை நான் குறைகூறவில்லை. அழ வேண்டிய மக்களுக்கு அழுவதற்கு மொழி வேண்டும். அதனை அவர் கொடுத்தார். ஆனால் அதே மரபுக்குள் மௌனத்தின் அழகும் இருந்தது. மன்னார்ப் பேசாலையின் உடக்குப்பாஸில், பாடுகளின் மாந்தர்களாக நிறுத்தப்படும் உருவங்கள் முகபாவம் மாறாதவை. அருகே வாசகமும் பாடலும் ஒலிக்க, அசைவற்ற அந்த முகத்தில் மக்கள் தாங்களே துயரைக் கண்டு அழுதார்கள். இன்றைய மேடைகளில் சிவப்புச் சாயம் குடங்குடமாக ஊற்றப்படுகிறது, சவுக்கின் ஓசை ஒலிபெருக்கியில் அதிர்கிறது, பின்னணி இசை அழு, அழு என்று நம்மைத் தூண்டுகிறது. நாம் அழுகிறோமா? பெரும்பாலும் கைத்தொலைபேசியில் படம் பிடிக்கிறோம்.

ஊதாரி மைந்தனின் கதையும் மறைக்கல்வி விழாக்களில் ஆண்டுதோறும் நடிக்கப்படுகிறது. கடைசிக் காட்சியில் அண்ணனும் தம்பியும் கட்டித் தழுவுவார்கள், பின்னால் பாடகர் குழாம் மன்னிப்புப் பாடல் பாடும், அறிவிப்பாளர் வந்து கதையின் படிப்பினையைச் சொல்வார், திரை விழும், பெற்றோர் கைதட்டுவார்கள். பிள்ளைகளின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நற்செய்தியில் இல்லாத அந்தத் தழுவல் அங்கிருந்த எல்லோரையும் விடுதலை செய்து அனுப்பிவிடுகிறது. சபையில் முன்வரிசையிலேயே, பத்து வருடமாக உடன்பிறந்தவரோடு பேசாத ஒருவர் அமர்ந்திருக்கலாம். மேடையில் தழுவியாகிவிட்டது என்பதால் அவருக்கு இனி வேலையில்லை. மறையாசிரியர்களே, அடுத்த முறை மூத்தவனை வாசலிலேயே நிறுத்திவையுங்கள். உள்ளே விளக்கும் பாட்டும் இருக்கட்டும். தந்தை பேசி முடித்ததும் திரையை விழவிடுங்கள். அறிவிப்பாளரை அனுப்பாதீர்கள். கைதட்டு சற்றுத் தாமதமாக வரும், வராமலும் போகலாம்.

குருக்களாகிய எங்களுக்கும் இது பொருந்தும். புனித இஞ்ஞாசியார் தமது ஆன்மிகப் பயிற்சிகள் நூலின் தொடக்கக் குறிப்புகளில், தியானம் கொடுப்பவர் நிகழ்வை உள்ளபடி சுருக்கமாக எடுத்துரைத்து நிறுத்திக்கொள்ள வேண்டும் என்கிறார். தியானிப்பவர் தாமே கண்டுகொள்வது, மற்றவர் விரிவாக விளக்கிக் கொடுப்பதைவிட அதிகச் சுவையும் பயனும் தரும் என்பது அவர் கருத்து. அதே இஞ்ஞாசியார், உயிர்த்த ஆண்டவர் முதன்முதலில் தம் தாய்க்கே தோன்றினார் என்று, நற்செய்தியில் எழுதப்படாத ஒன்றைத் தியானத்துக்குத் தருகிறார் என்பதும் உண்மை. முரண்பாடு இல்லை. செபிக்கிறவர் வெற்றிடத்துக்குள் நுழைவது வேறு, அவர் நுழையுமுன் போதகர் அதைத் தளபாடங்களால் நிரப்பிவைப்பது வேறு. ஏழு நிமிடத்தில் முடியவேண்டிய மறையுரை இருபத்தைந்து நிமிடமாவது பெரும்பாலும் இந்தத் தளபாடங்களால்தான்.

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அந்த வாசற்படி நமது வீடுகளில் இருக்கிறது. போர்க்காலத்தில் நம் குடும்பங்கள் பிரிந்தன. ஒரு பிள்ளை கனடாவுக்கோ பிரான்சுக்கோ சென்றது, மற்றொரு பிள்ளை பெற்றோரோடு தங்கிற்று. தங்கிய பிள்ளைதான் 1995இல் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது வயோதிபத் தந்தையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிச் சென்றது. 2009இல் வன்னியின் பதுங்குகுழிகளில் தாயோடு கிடந்ததும் அத்தகைய பிள்ளையே. வெளிநாடு சென்றவர்களை ஊதாரிகள் என்று நான் கூறவில்லை. குளிரில் இரண்டு வேலை செய்து அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. எனினும், பல ஆண்டுகளின் பின் அவர் விடுமுறைக்கு வரும்போது வீடு வர்ணம் பூசப்படுகிறது, ஆடு அடிக்கப்படுகிறது, உறவுகள் திரளுகிறார்கள். தங்கிய பிள்ளை அடுக்களைப் பக்கத்தில் நின்று விறகு கொத்துகிறது. காணிப் பங்கீடு வரும்போது பேச்சு முறிகிறது. பிறகு இரு வீடுகளுக்கும் இடையில் வேலி மதிலாகிறது.

இவ்வீடுகளில் மூத்த மகனைப் பொறாமைக்காரன் என்று போதிப்பது எளிது. நற்செய்தியோ அப்படிச் சொல்லவில்லை. விருந்து தொடங்கியபோது அவனை வயலிலிருந்து அழைத்துவர ஒருவரும் அனுப்பப்படவில்லை என்பதையும் அது மறைக்கவில்லை. பாட்டுச் சத்தம் கேட்டுப் பணியாளனிடம் விசாரித்துத்தான் அவன் அறிந்துகொண்டான். சொத்து ஏற்கெனவே பங்கிடப்பட்டுவிட்டது என்பதனால், அடிக்கப்பட்ட கன்றும் ஒருநாள் அவனுக்கே வரவேண்டிய பங்கிலிருந்துதான். இத்தனை ஆண்டு உழைப்புக்கு ஓர் ஆட்டுக்குட்டியும் கிடைக்கவில்லை என்ற அவன் முறைப்பாட்டைத் தந்தை பொய் என்று மறுக்கவில்லை. நீ செய்வது தவறு என்று கடிந்துகொள்ளவுமில்லை. இளையவனுக்காக வெளியே ஓடியவர் மூத்தவனுக்காகவும் வெளியே வருகிறார். தம்முடையதெல்லாம் அவனுடையதே என்கிறார். உன் மகன் என்று அவன் அந்நியமாகச் சுட்டியவனை, உன் சகோதரன் என்று அவனிடமே திருப்பிக் கொடுக்கிறார். நீதி எது, இரக்கம் எது என்ற வழக்கில் தீர்ப்பு எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தால், அதை எடுத்து மற்றவர்மேல் வீசுவதற்கு நம்மில் எத்தனை பேர் காத்திருப்போம்!

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை நான் புகழ்வதால், மறைப்பதைப் புகழ்கிறேன் என்று எவரும் கொள்ளலாகாது. இந்த உவமை எதையும் மறைக்கவில்லை. பணம் அழிந்தது, பன்றித் தீவனத்துக்கு ஏங்கியது, அண்ணனின் கசப்பு எல்லாம் வெளிப்படையாக உண்டு. கேட்பவருக்குரிய தீர்மானம் ஒன்று மட்டுமே விடப்பட்டது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017ஆம் ஆண்டு தொடங்கி வீதியோரங்களில் அமர்ந்து, எங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்ட தாய்மாரை நாம் அறிவோம். பதிலை அறிந்தவர்கள் அவர்கள் முன் காக்கும் மௌனம் கேட்பவருக்கு இடம் விடும் மௌனமன்று. இருக்கும் இடத்தையும் பறிக்கும் மௌனம். சாட்சி சொல்லவேண்டியவர் வாய்மூடி இருப்பதற்குக் கலையின் பெயரையும் வழங்க முடியாது, பக்தியின் பெயரையும் வழங்க முடியாது. வீட்டுக்குள்ளும் அப்படியே. குடும்பத்தில் நிகழ்ந்த அநீதி ஒன்றைப் பெரியவர்கள் ஒருவரும் வாய்திறந்து சொல்லாதபோது, பிள்ளைகள் அந்த வெற்றிடத்தை அச்சத்தால் நிரப்பிக்கொள்கிறார்கள்.

அச்சத்தால் பேசாதிருத்தலை நற்செய்தியும் அறியும். மாற்கு நற்செய்தியின் மிகத் தொன்மையான முழுப் பிரதிகளான, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ச் சுவடியும் வத்திக்கான் சுவடியும் 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு நிறைவடைகின்றன. மகதலா மரியாவும் யாக்கோபின் தாய் மரியாவும் சலோமியும் விடியற்காலையில் கல்லறைக்கு வருகிறார்கள். கல் புரட்டப்பட்டிருக்கிறது. உயிர்ப்பின் செய்தியைச் சீடருக்குக் கொண்டுசெல்லுமாறு அவர்களிடம் சொல்லப்படுகிறது. அவர்களோ நடுக்கத்தோடு ஓடிப்போகிறார்கள், அச்சத்தினால் ஒருவரிடமும் எதுவும் சொல்லவில்லை. உயிர்த்த ஆண்டவர் தோன்றும் காட்சி இல்லை, மகிழ்ச்சி இல்லை, அல்லேலூயா இல்லை. இப்படி ஒரு நற்செய்தி முடியலாமா என்று பழங்காலத்திலேயே பலர் தவித்திருக்கிறார்கள். அதன்பின் வரும் 12 வசனங்கள் பிற்பாடு சேர்க்கப்பட்டவை என்பது இன்று அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. திருச்சபை அவற்றையும் இறைவாக்காகவே ஏற்றுக்கொள்கிறது, நாமும் ஏற்கிறோம்.

இருந்தாலும் இந்தப் பாஸ்காக் காலத்தில் ஒருநாள், 8ஆம் வசனத்தோடு நூலை மூடிவிட்டு, குடும்பமாகச் சற்று நேரம் அப்படியே இருந்து பாருங்கள். பிள்ளைகளுள் ஒருவர் கட்டாயம் கேட்பார்: அவர்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை என்றால் நமக்கு எப்படித் தெரிய வந்தது? அந்தப் பெண்கள் பேசியிருக்க வேண்டும். நடுக்கம் எப்போது தணிந்தது, மூவரில் யார் முதலில் வாய் திறந்தார், எந்த வீட்டுக் கதவைத் தட்டினார் என்பவற்றை மாற்கு எழுதவில்லை.